புதுத்தண்ணியின் நிறம்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை. அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஓர் ஓவியம். கரையில் உட்கார்ந்து வரையக் கற்றுத்தரும் வகுப்பில் அவள் வரைந்த அரசலாறு, புதுத்தண்ணி வந்த செம்மண் நிறத்தில்.

“இதப் படம் புடிச்சு துபாய்க்கு அனுப்புனேங்க்கா. ஒட்டகத்தக் காணோமேங்கிறாரு மச்சான்.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “பாலைவனம்னு நெனச்சுட்டாராடி?”

“கல்யாணமான வருஷம் அவருதான் பாலத்துல நிறுத்திக் காட்டுனாரு. புதுத்தண்ணி இப்புடித்தான் செவப்பா வரும்னு.”

“அத விடு. நீலமா அடிச்சு அனுப்பு, ஆறுன்னு தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சிடுங்க்கா. ஆனா எந்த ஊரு ஆறுன்னு கேப்பாரு.”