தேசம்மாவுக்குச் சேர வேண்டிய செய்தி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, பேராசிரியரின் துணைவியார் ஜலஜா அம்மா அவர்களே, இந்த மயிலாப்பூர் மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் மருத்துவ நண்பர்களே, பட்டினப்பாக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடி வந்திருக்கும் என் சொந்தங்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் தஹ்சீன். பேராசிரியர் டாக்டர் கோதண்டபாணியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தவள். அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தில் அழுதுகொண்டே பேசுவேன் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். இன்று முடியவில்லை! ஏன் என்று சொல்கிறேன்.

உடல் பருமன், சர்க்கரை நோய், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு. இந்த மூன்றும் சில குடும்பங்களில் மட்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன? "வாயைக் கட்டாததுதான்" என்றோம் நாம். "ஒரே மரபணு மாற்றம் மூன்றையும் தூண்டிவிட்டால்?" என்று கேட்டவர் யார்? எங்கள் கோதண்டபாணி!

அவரை அப்படிக் கேட்கவைத்தவர், இதோ முன்வரிசையில் இருக்கும் தேசம்மா அக்கா. இவருடைய மகன் கிஷோர் சின்ன வயதிலேயே மாரடைப்பில் இறந்தார். அவருக்கு மூன்றும் இருந்தன. "பெத்தவளே ஊட்டி ஊட்டிக் கொன்னுட்டா" என்று சொந்தமே பேசியது. அக்காவும் அதை நம்பிவிட்டார்.

பட்டினப்பாக்கம் குப்பத்தில் அக்காவின் சொந்தங்களுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தோம். முடிவுகளோ தாறுமாறு! பேராசிரியர் காலையில் நேரே மீன் ஏலத்துக்கே போய் நின்றார். எல்லார் கையிலும் சர்க்கரை தூக்கலாக டீ!

"என்னம்மா, ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்களே?"

"இன்னா சார் நீ! டீ குடிக்கிறது சாப்புடறதா?" என்றார் தேசம்மா அக்கா. "ஏலத்துக்குப் போய்க்கினு கீறோம், டீ இல்லாங்காட்டி கண்ணு தொறக்குமா?"

அன்று பேராசிரியர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "மரபணு டீ குடிக்காதும்மா, அது அப்படியே இருக்கட்டும். சர்க்கரையையும் கொழுப்பையும் திரும்ப அளப்போம்" என்றார். ஆய்வு ஊத்திக்கொண்டது என்று கேலி பேசாதவர்கள் உண்டா? அவர் அசரவில்லை. மறுபடி வீடு வீடாகப் போனோம், இம்முறை டீக்கு முன்னால்.

விடை கிடைத்தது: அக்காவின் குடும்பத்தில் மூன்று தொல்லையும் இருந்தவர்களிடமெல்லாம் ஒரே மரபணு மாற்றம். அப்போதும் விட்டாரா மனிதர்? "வேற குடும்பங்கள்லயும் இது ஒத்து வரணும், அப்பதான் நம்புவேன்" என்று ராயப்பேட்டை, சைதாப்பேட்டை என அலைந்தார். அந்த முடிவு வருவதற்குள் போய்விட்டார்.

நண்பர்களே, அந்த முடிவு இன்று காலை வந்துவிட்டது! ஒத்துப்போகிறது! அதே மாற்றம், அதே மூன்று தொல்லைகள்! சார், நீங்கள் சொன்னது சரி!

மரபணுவில் இருந்தால் நோய் நிச்சயம் என்று அர்த்தமில்லை. சாப்பாட்டுக்கும் நடைக்கும் இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் ஆபத்து யாருக்கு என்று முன்பே தெரிந்தால் முன்பே காப்பாற்றலாமே! கிஷோரின் மகள் காவேரி வளர்ந்துகொண்டிருக்கிறாள். அவளையும், அவளைப் போன்ற ஒவ்வொரு பிள்ளையையும் நோய் தொடுவதற்கு முன் நாங்கள் போய்ப் பார்ப்போம். இது அவர் பெயரால் நாங்கள் தரும் வாக்கு!

முடிவு வந்தால் அதைக் குப்பத்துக்குப் போய்த் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்குப் பதிலாக இங்கே, உங்கள் சொந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன்.

தேசம்மா அக்கா, உங்கள் மகனை நீங்கள் கொல்லவில்லை.