எலிகளுக்கு வெயில்

ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க எலிங்க மேல வெயிலே சரியா படலடி" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"எலிக்கு இன்னாக்கா வெயில்?"

"எங்க லேப்ல எலி முதுகு முடிய வழிச்சிட்டு, தெனம் வெயிலுக்குப் பதிலா யூவி லைட்டுல வைப்போம். பாதி எலிக்கு வெயிலுக்குப் போடற க்ரீம் தடவுவோம். தடவாததுக்குத் தோல் செவந்து, போகப்போக தடிச்சிடும்."

"பாவம்க்கா."

"பாவம்தான். அதான், அதுங்க படற பாடு வீணாவக் கூடாது. க்ரீம் போட்ட எலிக்கு ஒண்ணும் ஆவலன்னு சாருங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்தக் கூண்டுங்க எப்பவும் ஓரத்துலதான் கீது. ஓரத்து ட்யூப் பாத்தேன், ரெண்டு முனையும் கருத்துப்போயிருந்துச்சு, நம்ம வூட்டு ட்யூப்லைட் மாதிரி. சொன்னேன். மீட்டர் வெச்சுப் பாத்தாங்க. வெளிச்சம் பாதிகூட இல்ல."

"திட்டலயா?"

"இன்னாத்துக்கு? நான் சொல்லலன்னா க்ரீம் நல்லதுன்னு தப்பா எழுதியிருப்பாங்க. இப்ப எல்லாம் மொதல்லேர்ந்து. இனிமே தெனம் ட்யூப் பாத்து நான் கையெழுத்து போட்டாதான் லைட்டே எரியும்."

"அப்ப சூரியனுக்கே நீதான் சூப்பர்வைசர்னு சொல்லு."

"ஆமாண்டி" என்றாள். சிரிக்கவில்லை.