கோழிக்குப் போட்டது

எதைப் போட்டாலும் கோழி தின்னும் என்று சொல்கிறவர்கள் கோழி வளர்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். தின்பது வேறு, தின்றது உடம்பில் ஒட்டுவது வேறு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது ஐயா, அதனால் பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தீவன மில்லில் கலவை போட்டவன். மில்லை இழுத்து மூடும்வரை அதுதான் என் வேலை. குஞ்சு வளர ஒரு கலவை, முட்டையிட ஒரு கலவை. மூன்றாவதாக இன்னொன்று உண்டு. முட்டையை நிறுத்திய கிழட்டுக் கோழியை, விற்கிற நாள்வரை உயிரோடு மட்டும் வைத்திருப்பதற்கு. அதில் பெரும்பாலும் தவிடுதான். எந்த அளவுக்குக் குறைத்தால் பறவை நிற்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் சாயும் என்பது எனக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, செய்த வேலை அப்படி.

மில் போனதும் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். அவர் இருமினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அண்ணி காலமாகிவிட்டாள், மகள் வேலைக்காக வெளியூரில் இருக்கிறாள். சமையல், துணி, தோட்டம் எல்லாம் என் தலையில்தான். இருந்தாலும் நான் தட்டின் முன் உட்கார்ந்ததும் அவருக்குக் குரல் வந்துவிடும்.

"தண்டச்சோறு உக்காந்துடுச்சுப்பா. சட்டிய ஒளிச்சு வைங்க."

யாராவது விருந்தாளி இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்வார். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டால், "வயிறா, வண்ணான் சாலா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எத்தனை வருஷம் என்று கேட்காதீர்கள். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை மறைக்க எனக்கு இப்போது ஒரு காரணமும் இல்லை.

கோழிகள் அப்போது வந்தவைதான். கொல்லைப்புறத்தில் ஆறு பெட்டைகள். அவற்றின் முன்னால் தீவனத்தை வைத்தால், அவை என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்காது. ஒன்றுக்குக் கால் சரியில்லை. நொண்டி என்று கூப்பிடுவேன். மற்றவை கொத்திக் கொத்தி அவளைத் தொட்டிப் பக்கமே விடாது. அவளுக்குத் தனிக் கிண்ணம் வைத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அந்தக் குரல் போன வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

அண்ணன் மகள் லீவு போட்டு வந்தாள். காற்று வரட்டும் என்று கட்டிலைக் கொல்லைப்புற ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள். டாக்டர் எழுதிக்கொடுத்த சத்துப் பவுடரை டின் டின்னாக வாங்கி அடுக்கினாள். "சித்தப்பா, ரெண்டு வேளையும் பாலோட கலந்து ஸ்பூன்ல குடுங்க. பருப்பை நல்லா மசிச்சு ஊட்டுங்க. உங்கள நம்பித்தான் போறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண். அப்பாவின் வாய் அவளுக்கு வரவில்லை.

ஆரம்பத்தில் டின் மூடியைத் தட்டித் திறந்து ஒழுங்காகத்தான் ஊட்டினேன். அது இறகு உதிர்க்கும் பருவம். அந்தச் சமயம் கோழிக்கு ஊட்டம் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் புது இறகு முளைக்காது. ஆறும் உரித்துப் போட்டதுபோல் நின்றன. ஒருநாள் அண்ணன் பாதிப் பாலைத் துப்பிவிட்டார். வீணாக்குவானேன் என்று மீதியைத் தவிட்டில் பிசைந்து வெளியே வைத்தேன். அவை தின்ற வேகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மில்லில் இருபது வயதிலேயே படித்த பாடம், வீட்டில் மறந்து போயிருந்தேன். வளர்கிறதற்கு ஒரு தீவனம், இடுகிறதற்கு ஒரு தீவனம். வளரவும் போவதில்லை, இடவும் போவதில்லை என்றால் அதற்கு மூன்றாவது தீவனம்.

அதன் பிறகு பவுடரும் பாலும் பருப்பும் வெளியே போயின. அண்ணனுக்கு வடித்த கஞ்சி, கொஞ்சம் உப்பு. சூடு பார்த்துத்தான் ஊட்டினேன். வாயைத் துடைத்துவிட்டேன். படுக்கைப்புண் ஒன்று வந்ததில்லை, டாக்டரையே கேளுங்கள்.

டின் மூடியைக் கரண்டியால் நாலு தட்டுத் தட்டுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் ஆறும் எங்கிருந்தாலும் ஓடிவரும். ஜன்னலுக்கு நேர் கீழேதான் தொட்டி. வேறு நிழலான இடம் இல்லை. அண்ணன் முதலில் இடது கையால் ஜன்னல் கம்பியைத் தட்டுவார். நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவர் என்னைப் பார்ப்பார், தொட்டியைப் பார்ப்பார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டு வெறுமனே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு அந்தக் கையும் ஏறவில்லை.

மகள் மறுபடி வந்தபோது அப்பாவைப் பார்த்து அழுதாள். "ஏன் சித்தப்பா இப்படி இளைச்சிட்டாரு?"

"சீக்கு உள்ள இருந்து தின்னுதும்மா. நாம என்ன பண்ண முடியும்?" என்றேன்.

அவளுக்கு இரண்டு முட்டை பொரித்துக் கொடுத்தேன். மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் திரண்டு நின்றது. "கடையில இப்படிக் கிடைக்கவே மாட்டேங்குது சித்தப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றாள். கூடுதலாக நாலு டின் வாங்கி வைத்துவிட்டுப் போனாள்.

மாட்டிக்கொண்டது என் கவனக்குறைவால் இல்லை. அவ்வப்போது வந்து பார்க்கும் நர்ஸ் அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவள், "பவுடர் எங்க சார் இருக்கு? இன்னைக்கு நானே கலந்து குடுக்கிறேன்" என்றாள். தடுத்தால் சந்தேகம் வரும். எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கட்டிலோரமே நின்று திறக்கப் பார்த்தாள். மூடி இறுகியிருந்தது. கையிலிருந்த ஸ்பூனால் சுற்றிலும் தட்டினாள்.

அடுக்களைக் கதவு திறந்திருந்தது. ஆறும் உள்ளே வந்துவிட்டன. கூடம் தாண்டி, கட்டில் வரைக்கும் வந்து அவள் காலைச் சுற்றி நின்றன. நொண்டி கடைசியாக வந்து சேர்ந்தாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "என்ன சார், இவங்களுக்கும் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரா?"

சிரித்தபடியே கட்டில் பக்கம் திரும்பினாள். அந்தச் சத்தத்துக்கு அண்ணனும் வாயைத் திறந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் நீட்டி, அப்படியே காத்திருந்தார். நர்ஸ் அவரைப் பார்த்தாள், கோழிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக எல்லாம் ஏற்றினார்களாம். உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அளவுக்குக் கீழே போனால் ஏற்காது, அது எனக்குத் தெரியும். ஆமாம் ஐயா, தெரிந்தேதான் செய்தேன். அவர் எப்போது சாய்வார் என்றும் ஏறக்குறைய தெரிந்திருந்தது. பசி என்று அவர் கம்பியைத் தட்டியதும் எனக்குப் புரிந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அண்ணன் மகள் வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். என் முகத்தில் முழிக்க மாட்டாளாம், சரிதான். ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். கோழிகளுக்கு வெறும் தவிடு போட்டு ஏமாற்ற வேண்டாம். நொண்டிக்குத் தனிக் கிண்ணத்தில் வைத்து, முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கட்டும். மற்றவை தின்பதை நொண்டி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒரு சத்தம் போட மாட்டாள். வாயில்லா ஜீவனைப் பட்டினி போட எப்படித்தான் மனசு வருகிறதோ, எனக்கு அது என்றைக்கும் முடிந்ததில்லை.