நாளை முகம் கட்டாயம்

— இஜாஸ் காக்கா, காலேஜ்ல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நாளைக்கு வைவா பரீட்சைக்கு மாஸ்க் போடக்கூடாதாம். ஐடி கார்டுல இருக்குற முகத்தோட வரணுமாம்.

— பதறாதல ராஹில். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதானே.

— மூக்கு ஒண்ணுதான். உன் கன்னத்து மச்சத்துக்கு எங்க போக... லீவு போட்டுட்டு நீயே வந்துரு.

— ஐரோலில வேல கெடச்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. லீவுன்னு கேட்டா, வீட்டுக்கே போங்கான். நீ மாட்டுனா என் டிகிரி போச்சு, பாத்துக்க.

— உன் கிளாஸ் சஃப்ரீன் வாறா. போன வச்சிருதேன்.

— என்ன இஜாஸ், இன்னைக்கும் செவத்தப் பாத்துதான் வடாபாவா?

— கிருமி பறக்கும்லா. நீயும்தான் துப்பட்டாக்குள்ள டம்ளர விட்டு சாயா குடிக்க. ஆமா, எதுக்கு ரெண்டு மாஸ்க்?

— ஒண்ணு காலேஜுக்கு. ஒண்ணு தாராவி பஸ்ஸுக்கு. கைய நீட்டு, சானிடைசர்.

— இப்பத்தானே ஊத்துன...

— அது வடாபாவுக்கு. இது நோட்டீஸத் தொட்டதுக்கு. படிச்சியா?

— படிச்சேன். கொரோனா போயிட்டுன்னு இவங்ககிட்ட யார் சொன்னா?

— அதானே. போறேன்னு லெட்டரா குடுத்துச்சு? நான் கழட்ட மாட்டேன்பா.

— நானும்... உனக்கு ஏன் இவ்வளவு பயம்?

— உனக்கு ஏன்?

— எனக்கு ஃபர்ஸ்ட் இயர்ல டெங்கு வந்துச்சுலா... அதுலேருந்து.

— ஆமாமா. ஆஸ்பத்திரிக்கு நான்கூட இளநி வாங்கிட்டு வந்தேனே.

— வந்தியா? காக்கா சொல்லவே... இல்ல, வந்த. வந்த.

— எந்தக் காக்கா? உனக்குத் தம்பிதானே உண்டு?

— தல சுத்துது சஃப்ரீன்.

— டென்ஷன் மத் லே, பயப்படாத. நாளைக்கு சார் முன்னால நீ இருமு, நான் தும்முதேன். மாஸ்க்கப் போட்டுத் தொலைங்கன்னு அவரே கெஞ்சுவாரு.

— கெஞ்சலேன்னா?

— அப்ப நம்ம ரெண்டு பேரும் காலி.

— இனி மறைச்சுப் புண்ணியமில்ல. நான் இஜாஸ் இல்ல, தம்பி ராஹில். ரெண்டு மாசமா அவனுக்கு ப்ராக்ஸியா வாறேன். நீ அவன்கூட மூணு வருஷம் படிச்சவ. இவன்தான் இஜாஸ்னு நீ ஒரு வார்த்த சொன்னா சார் நம்புவாரு.

— சொல்லுதேன், அதுக்கென்ன... ஆனா இவதான் சஃப்ரீன்னு மொதல்ல எனக்கு யாராவது சொல்லணும்லா. அவ நிக்காஹ் முடிஞ்சு மான்குர்த் போயி நாலு மாசமாச்சு. நான் அவ தங்கச்சி, அதீபா.