மஞ்சள் தொட்ட வாக்குச்சீட்டு

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அருள்குமார் அவர்களே, வருவாய்த்துறைத் தோழர்களே, தாயை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இனியா கண்ணு, எல்லோருக்கும் வணக்கம்.

துணை வட்டாட்சியர் செவ்வந்தி அவர்களின் படத்தைத் திறந்துவிட்டோம். மாலையும் போட்டாயிற்று. அவரோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நான் இனிப் பேசி என்ன ஆகப்போகிறது?

எழுந்து நடக்க முடியாத முதியவர்கள் ஓட்டுப்போட, தேர்தல் நாளுக்கு முன்பே பெட்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போகும் வேலை செவ்வந்தியுடையது. இந்தத் தேர்தலில் ராசாத்தாள் என்ற மூதாட்டியின் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போனபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னும் ஒரே முறைதான் போகலாம்; அது விதி. அந்த மறுமுறை அன்று செவ்வந்திக்குக் காலையிலிருந்தே நெஞ்சுவலி. "முதலில் டாக்டரைப் பாரு அம்மணி" என்றேன்.

"நான் போகலீன்னா அந்த ஆத்தா ஓட்டு போயிருமுங்க. போயிட்டு வாரேனுங்க" என்றார்.

தன் தாய் கூலிக்குக் களை வெட்டிய அதே தோட்டத்துக்குள் அரசு ஜீப்பில் போனார். ராசாத்தாள் அட்டை மறைப்புக்குள் ஓட்டுப்போட்டபோது, பார்க்கக் கூடாது என்பதால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் சரிந்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "பெட்டி சேந்துருச்சுங்களா?" என்று கேட்டார். "சேந்துருச்சு அம்மணி" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வாக்கு எண்ணும் நாளில், வீடுகளில் வாங்கிய ஓட்டுகளும் வந்துசேரும் தபால் ஓட்டு மேசையில் நான் இருந்தேன். உறைகளைப் பிரித்துக்கொண்டே வந்தபோது, ஒரு சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள். போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் ஓட்டு செல்லாது. கட்சி முகவர்கள் வாதாடினார்கள். கடைசியில் செல்லாது என்று தனியே வைத்தார்கள். யார் செய்த வேலை இது என்று நானும் எரிச்சல்பட்டேன். நல்லது நடக்கவேண்டும் என்று கல்யாணப் பத்திரிகைக்கும் புதுத்துணிக்கும் மஞ்சள் தொட்டுவைக்கிற ஊர் நம்முடையது. வாக்குச்சீட்டை மட்டும் விட்டுவிடுவோமா?

இன்று வாசலில் ராசாத்தாளின் மகன் பாலுசாமி என் கையைப் பிடித்தார். "எங்கம்மா நாலு மூலைக்கும் மஞ்ச வெச்சுத்தானுங்க குடுத்தாங்க. அந்த அம்மணி உசுரக் குடுத்துக் கொண்டுபோன ஓட்டு, சேந்துதுங்களா?"

அதே கேள்வி. நேரமாகிவிட்டது என்று கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பாலுசாமி ஐயா, இப்போது சொல்கிறேன். சேர்ந்தது. எண்ணப்படவில்லை. ஒரு ஓட்டுக்காக ஒரு உயிர் போனது. அந்த ஓட்டும் போனது. இதில் எந்த ஆறுதலைத் தேடுவது?

அடுத்த தேர்தலிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடுவீடாகப் போவோம். சீட்டைக் கையில் கொடுக்கும் முன்பே, "மஞ்சள் மட்டும் வைக்காதீங்க ஆத்தா" என்று செவ்வந்தியின் பேரைச் சொல்லிக் கேட்டுக்கொள்வோம். எங்களால் தர முடிந்த உறுதி இவ்வளவுதான்.

இனியா கண்ணு, உன் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டு போனது, பெட்டி சேர்ந்தது என்ற பாதிப் பதில்தான். மீதியைக் கேட்க அவர் இல்லை. சாமி செய்த ஒரே நல்லது அதுதான்.