துணியின் பின்பக்கம்

— மாடிக்கு இப்போ போகாதக்கா. ஆணி அடிச்சிட்டிருக்காங்க.

— அடிக்கட்டுமே, என் தலையிலயா அடிக்கப் போறாங்க? என் தம்பி எடுத்த போட்டோ முதல் தடவையா ஒரு கண்காட்சியில தொங்குது. நான் பார்க்க வேண்டாமா?

— திறப்பு அஞ்சு மணிக்குத்தானே. எல்லாரோடயும் சேர்ந்து பாரேன். உன் பூவேலைத் துணிய எங்க வச்சாங்க?

— கீழ, செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்து மேசையில. 'ஓய்வுநேரக் கைவேலை'ன்னு ஒரு அட்டை வேற. ஓய்வு நேரமாம்! ஓய்வுன்னா கிலோ என்ன விலைன்னு கேக்குற ஆளுடா நான்.

— உன் பூவேலைக்கும் மாடியில இடம் கொடுங்கன்னு நான் கேட்டேன்க்கா. அந்த நடுவர் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பார்த்தார். "ரொம்ப சுத்தமா இருக்கு, ஆனா இது கலை இல்ல, கைவேலை"ன்னுட்டார்.

— உன் படம் மட்டும் கலையாக்கும்?

— அப்படித்தான் சொன்னார்.

— அதுக்கு ஏன்டா உன் முகத்துல ஈயாடல? தள்ளு, நான் ஏறுறேன்.

— அக்கா, நில்லு... அக்கா!

— அம்மாடி, ஆளுயரத்துக்கு இருக்கே! இருடா... இந்தச் சிவப்பு நூல் எனக்குத் தெரிஞ்ச நூலா இல்ல இருக்கு?

— சொல்லிடணும்னுதான் நினைச்சேன்.

— இது என் துணி. பின்பக்கம்.

— ஆமாக்கா. முன்பக்கம் செருப்புக்குப் பக்கத்துல, பின்பக்கம் என் பேர்ல மாடியில. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டேன். மூணு வாரமா சரியாத் தூங்கல. பாரு, அட்டையில இன்னும் பேர்கூட எழுதல. நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கழட்டிடுறேன்.

— கழட்டிட்டு?

— பழையபடி கடையில உக்காந்து, "தாடைய இறக்குங்க, சிரிக்காதீங்க"ன்னு பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன். இருபது வருஷமா அதானே பொழப்பு. ஒருத்தராவது என்னைக் கலைஞன்னு சொன்னதில்ல. இந்த மனுஷன் சொன்னதும் ஆசை கண்ண மறைச்சிடுச்சு.

— சரி, எப்படி எடுத்தே?

— நான் எங்க எடுத்தேன்? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. காலையில கடை ஷட்டரத் தூக்கிட்டுத் திரும்புறேன், எதிர்ல உன் பால்கனிக் கொடியில துணி. காத்துல புரண்டிருச்சு போல, பின்பக்கத்தக் காட்டிட்டு நிக்குது. வெயில் சாய்வா விழுந்து, ஒவ்வொரு முடிச்சும் எழுந்து நிக்குது. கேமராவுல கிட்ட இழுத்து, முடிச்சு மட்டும் தெரியுற மாதிரி அமுக்கிட்டேன்.

— அதெல்லாம் என்னன்னு நினைச்சே?

— தெரியலக்கா. நடுவர் 'மனக் கொந்தளிப்பு'ன்னார். நானும் தலையாட்டி வச்சேன்.

— கொந்தளிப்பாவது கத்திரிக்காயாவது! அம்மா போறதுக்கு முன்னாடி எட்டு மாசம் படுக்கையில இருந்தாங்களே, அப்போ பக்கத்துல உக்காந்து போட்டதுடா. முன்பக்கம் கடையில வாங்கின அச்சு. கோட்டு மேல ஊசி ஓட்டத் தெரிஞ்சா யாரும் போடலாம், அந்த நடுவர்கூடப் போடலாம். பின்பக்கம் அப்படி இல்ல. அம்மா கூப்பிடுவாங்க, ஒரு முடிச்சுப் போட்டு நூல அறுத்துட்டு எழுந்திரிப்பேன். இது தண்ணி கேட்டது. இது புரட்டிப் படுக்க வச்சது. இது சும்மா, "இருக்கியா"ன்னு கேட்டது.

— இந்த மூலையில மட்டும் ஏன் இவ்ளோ நெருக்கம்?

— அது கடைசி வாரம். உன்னைத்தான் கேட்டாங்க. "சின்னவன் வந்தானா, சின்னவன் வந்தானா"ன்னு.

— நான் எதிர்க் கடையிலதானே இருந்தேன். என்னைக் கூப்பிட்டிருக்கலாமேக்கா.

— கூப்பிட்டேனே. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையா நிக்குது, முடிச்சிட்டு வரேன்"னே. தினமும் ஏதாவது ஒரு வரிசை.

— நான் மனுஷனே இல்லக்கா.

— போதும், மூக்கத் துடை. ஆணி அடிக்கிறவங்க பார்க்குறாங்க. உன் மேல இருந்த கோவமெல்லாம் போன வருஷமே போயிடுச்சு. நீ இத ஒரு தடவை பார்க்கணும்னு மட்டும் இருந்துச்சு. பார்த்துட்டே. அட்டைய எடு, பேர் எழுது.

— உன் பேர்தான் எழுதுவேன். காத்து பண்ணின வேலைக்கு என் பேர் எதுக்கு?

— ரெண்டு பேர் பேரையும் எழுதுடா. வெயில் பார்த்து அமுக்கினது நீ, ஒத்துக்கறேன். ஆனா காத்து எங்க இருந்து வந்துச்சு? மேல கொடியிலயும் கீழ கம்பியிலயும் நாலு கிளிப் போட்டு, பின்பக்கத்த உன் கடைக்கு நேரா திருப்பி, நீ நிமிர்ந்து பார்க்குற வரைக்கும் ஒன்பது நாள் தொங்கவிட்டவ நான்.