கடிதம் திறந்தவர்கள்

உங்கள் போனுக்குச் சார்ஜ் போட வேண்டுமென்றால் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கிறது. அலுமாரி மேலே சார்ஜில் கிடக்கிற போனை மட்டும் கழற்ற வேண்டாம். அது காலமான என் கணவருடையது.

சங்கத்து அரிசிக்கு ஏன் வண்டு பிடித்தது, எங்கள் கம்ப்யூட்டர்ப் பொடியன் கோகுலன் ஏன் வேலையை விட்டுப் போனான் என்று விசாரிக்கத்தானே கிளிநொச்சி அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இரண்டும் என்னால் நடந்ததுதான். தேத்தண்ணியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

தர்மபுரத்தில் எங்கள் நெல்லுச் சங்கத்தின் மாதக் கடிதத்தை எழுதுவது நான். கனடா, லண்டன், சுவிஸ் என்று போய் இருக்கிற எங்கள் சனத்துக்கு மின்னஞ்சலில் போகும். குளம் நிரம்பி வான் பாய்ந்தது, யானை யாருடைய வயலில் இறங்கியது, பொங்கலுக்கு யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, 'மொட்டைக்கறுப்பன் அரிசி ஆயத்தம்' என்று முடிப்பேன். யானை வந்த மாதங்களில் அரிசி கொஞ்சம் அதிகமாக விற்கும்.

அந்தக் கடிதத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் இருக்கிறது, கடுகைவிடச் சிறியது. ஒருவர் கடிதத்தைத் திறந்தால் அந்தப் படத்தை எடுக்க அவருடைய போன் எங்கள் பக்கம் வரும். வந்தால், இவர் திறந்தார் என்று கணக்கில் ஏறும். கோகுலன்தான் அமைத்துத் தந்தான். வவுனியாவில் கம்ப்யூட்டர் படித்த, மரியாதையான பிள்ளை.

நூற்றுக்கு முப்பது வீதத்தில் கிடந்த திறந்தவர்கள் கணக்கு சில மாதங்களில் எழுபதைத் தாண்டியது. தலைவர் சிவராசா அண்ணை அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவைத்து, சால்வையால் கண்ணைத் துடைத்தார். "பாத்தியளே, எங்கட சனம் எங்களை மறக்கேல்லை."

அதற்குப் பிறகு தங்கள் தங்கள் உறவு திறந்ததா என்று கேட்க ஆட்கள் சங்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது அறிந்தும் ஒரு வார்த்தை கேளாமல் இருப்பது செத்தவீட்டுக்குப் போகாமல் விடுவதற்குச் சமம். கமலாசனி அக்காவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருந்தேன். டொரோன்டோவில் இருக்கிற அக்காவின் தங்கச்சியிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

"திறந்தவளோ?" என்று அக்கா கேட்டா.

"ஓம், வந்த கையோட திறந்திருக்கிறா."

"பாத்தியே எடுப்பை! இனி அவளாக் கதைச்சாலொழிய நான் கதைக்கமாட்டன்."

நான் பொய் சொல்லவில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் கோகுலன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தான்.

"அக்கா, இது வெறும் கணக்கு. இப்பத்தைய போனுகள் கடிதம் வந்த உடனேயே படங்களைத் தானா எடுத்து வைக்குது. ஆள் தொடவே தேவையில்லை. நித்திரையெண்டாலும் திறந்த மாதிரித்தான் காட்டும்."

"அப்ப உண்மையாத் திறக்கிறது ஆர்?"

"அது தெரியாது. பதில் போடுறவை, அரிசி கேக்கிறவையைத்தான் எண்ண வேணும். ஒரு வருசமாச் சத்தமில்லாத ஆக்களை எடுத்துவிடுவம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. அந்தப் பட்டியலில் என் கணவரின் முகவரியும் இருந்தது, நான்தான் போட்டேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் போனவர். உயிரோடு இருக்கும்போதே ஒன்றுக்கும் பதில் போடாத மனிதர். ஆனால் மாதாமாதம் திறந்தவர்களில் அவர் பெயர் வந்துவிடும். சத்தமில்லாதவர்களை எடுப்பதென்றால் முதலில் போகிறவர் அவர்தான். என்னால் அதை விட முடியவில்லை.

கோகுலன் நிர்வாகசபைக்கு முன்னால் நிரூபித்துக் காட்டுவதாகச் சொன்னான். தன் போனைச் சார்ஜில் போட்டபடி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான். நான் கடிதத்தை அனுப்பினால், ஒருவரும் தொடாமலே அவன் பெயர் திறந்தவர்களில் வர வேண்டும். லாச்சித் திறப்பை யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது தலைவர் யோசிக்கவேயில்லை, என்னைக் காட்டினார். "ஜெயரூபியிட்டக் குடுங்கோ. அவா சொல்லுக்கு மாறாத மனுசி."

எல்லோரும் போனபின் லாச்சியைத் திறந்தேன். போனை நிறுத்தினேன். பூட்டினேன். பிறகு கடிதத்தை அனுப்பினேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

காலையில் கோகுலனின் பெயர் திறக்காதவர்களில் இருந்தது. "தம்பி, ஊரெல்லாம் எங்கட கடிதத்தை வாசிக்குது, நீ மட்டும்தான் வாசிக்கேல்லை," என்றார் தலைவர். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். சனம் கலைந்த பிறகுதான் அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

"அக்கா, ஆரோ நிப்பாட்டியிருக்கினம்."

"சார்ஜ் இறங்கியிருக்கும் தம்பி."

"சார்ஜிலதானே கிடந்தது." என் இடுப்பில் செருகியிருந்த திறப்பைப் பார்த்தான். அதோடு வேலையை விட்டுப் போய்விட்டான். இப்போது ஓமந்தையில் ஆணி, சீமெந்து விற்கிற ஒரு கடையில் நிற்கிறான். நல்ல கடை என்றுதான் கேள்வி.

தலைவர் எழுபது வீதத்தை நம்பி நெல் முழுவதையும் குத்துவித்தார். அரிசி கேட்டவர்கள் கைவிரலில் அடங்கினார்கள். மிச்சத்தை வண்டு கேட்டது.

கமலாசனி அக்காவின் தங்கச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவள் அந்த மாதங்கள் முழுவதும் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்து எங்கள் கடிதங்களை ஒன்று விடாமல் திறந்தது. அக்கா ஒவ்வொரு மாதமும் வந்து கேட்டா, நான் ஒவ்வொரு மாதமும் ஓம் என்றேன். சாவுச் செய்தி வந்த அன்று அக்காவைப் பிடித்து இருத்தித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததும் நான்தான். என்னைப்போல ஆறுதல் யாரும் சொல்லவில்லை என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவா.

இவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். மாதக் கடிதத்தை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லுங்கள்.

நான் விளங்காதவள் இல்லை. கோகுலன் சொன்னது முழுக்கச் சரி. தங்கச்சியின் கடிதங்களைத் திறந்தது போன். மற்றவர்களுடையதையும் போன்தான் திறந்தது. ஆனால் அந்த அலுமாரி மேலே இருக்கிற போனின் பூட்டு இலக்கத்தை அவர் எனக்குக்கூடச் சொல்லவில்லை. கலியாண நாள், என் பிறந்தநாள் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குத் திறக்காது.

இந்த மாதக் கடிதமும் அவர் பெயரில் திறந்திருக்கிறது. அவரைத் தவிர வேறு யார் திறப்பது?